மலைச்சரிவில் பறக்கவிட எந்தக் கிளைடர்: ரட்டரா, ஏலரானா, எலிவானா?

ரேடியோ கிளைடர் (எஞ்சின் இல்லாமல் பறக்கிற, தரையிலிருந்து ரேடியோவால் திருப்புகிற சின்ன விமானம்) பழக ஆரம்பிக்கிறவர்களுக்கு எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: முதல் விமானம் வாலில் மட்டும் பட்டைகள் அசைகிற ரட்டர்-எலிவேட்டராக இருக்கட்டும், இறக்கையில் அசைகிற ஏலரான் எல்லாம் அப்புறம். கோயம்புத்தூரில் பெரிய மைதானத்தில் நின்று பறக்கவிடுகிறவருக்கு அது சரியான யோசனை. அதையே அப்படியே கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் தூக்கிக்கொண்டு வருவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே விமானம் பறப்பது தேயிலைச் சரிவுக்கு மேலே, மலையில் மோதி ஏறுகிற காற்றில். இறங்குவதும் தேயிலைச் செடி மேலேதான். காற்றும் தரையும் மாறினால் விமானத்தில் எந்தப் பரப்பு அசைய வேண்டும் என்ற முடிவும் மாறத்தான் வேண்டும்.

பள்ளி அறிவியல் மன்றத்துக்காகவோ சொந்த ஆசைக்காகவோ நீலகிரியில் ஒரு கிளைடர் கட்டப் போகிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. வாலில் ரட்டரும் எலிவேட்டரும் மட்டும் வைப்பது ஒன்று. இறக்கையில் ஏலரான், வாலில் எலிவேட்டர் என்பது இரண்டாவது. ஏலரானோடு வி வடிவ வால் வைப்பது மூன்றாவது. வாலே இல்லாத இறக்கையில், எலிவேட்டர் வேலையையும் ஏலரான் வேலையையும் சேர்த்துச் செய்கிற எலிவான் வைப்பது நான்காவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றுதான் கட்ட முடியும், அதைச் சரிவில்தான் பறக்கவிடப் போகிறீர்கள் என்றால் எலிவான் இறக்கை கட்டுங்கள். காரணங்களுக்குப் போகும் முன், இந்தப் பரப்புகள் என்ன வேலை செய்கின்றன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பரப்பு அசைந்தால் என்ன நடக்கிறது

ரட்டர், எலிவேட்டர், ஏலரான் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இறக்கையின் அல்லது வாலின் பின்விளிம்பில் கீல் போட்டு ஒரு பட்டையை மடக்குகிறோம். மடக்கியதும் அந்தப் பகுதியின் வளைவு மாறுகிறது, அது காற்றைத் திருப்பிவிடும் அளவு மாறுகிறது, அங்கே பிறக்கும் விசை கூடுகிறது அல்லது குறைகிறது. அந்த விசை எடைமையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு விமானத்தைத் திருப்பும். எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். ரட்டர் மூக்கை இடவலமாகத் திருப்பும். ஏலரான் ஒரு பக்க இறக்கையைத் தூக்கி மறுபக்கத்தைத் தாழ்த்தும்.

இதில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது எலிவேட்டரைத்தான். கையில் இருக்கிற ரேடியோ பெட்டியான டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை இழுத்தால் விமானம் மேலே போகும் என்று நினைக்கிறார்கள். எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே மடங்கினால் வால் கீழே அழுத்தப்படுகிறது, மூக்கு நிமிர்கிறது, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. வேகம் கையிருப்பில் இருந்தால் அதைக் கொடுத்துக் கொஞ்சம் உயரம் வாங்கிக்கொள்ளலாம். வேகம் தீர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் கோணம் ஏறி ஏறி இறக்கை ஸ்டால் ஆகும். மேற்பரப்பை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காற்று பிரிந்துவிடும், தாங்கும் விசை சரிந்துவிடும். எஞ்சின் இல்லாத கிளைடரில் எலிவேட்டரை வேகத்துக்கான பரப்பு என்றே நினைத்துக்கொள்வது நல்லது. உயரம் தருவது மலைக்காற்று.

புதிதாகப் பழகும் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். விமானம் கொஞ்சம் தாழ்ந்ததும் பயந்துபோய் ஸ்டிக்கை இழுப்பார்கள். அது இன்னும் மெதுவாகி இன்னும் தாழும். பயம் கூடும், இன்னும் இழுப்பார்கள். மூக்கைக் கொஞ்சம் இறக்கி, வேகம் பிடித்து, சரிவின் முன்பக்கத்தில் காற்று ஏறுகிற இடத்துக்குக் கொண்டுபோனால் தானாக ஏறும். நான்கு வகையில் எதைக் கட்டினாலும் இந்தப் பாடம் உண்டு.

மலை கேட்கிற விலை

ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே இறக்கை அதே எடையைத் தாங்க வேண்டுமானால் சுமார் 12 சதவீதம் கூடுதல் வேகத்தில் பறக்க வேண்டும்.

காற்று மெலிந்திருப்பதால் ரட்டரையும் எலிவேட்டரையும் பெரிதாக வெட்ட வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. தேவையில்லை. அடர்த்தி குறைந்ததை ஈடுகட்டத்தான் வேகம் கூடியிருக்கிறது. பரப்பின் மீது விழும் அழுத்தம் கீழே இருந்த அளவுக்கே வந்துவிடும். அடி விழுவது வேறு இடத்தில். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றே இல்லாத ஒரு நாளில் சென்னைக் கடற்கரையில் இறங்குவதைவிட, அதே விமானம் ஊட்டியில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் ஆற்றலோடு தரையைத் தொடும். கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு, சுமார் 1,800 மீட்டர். அங்கேயும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது.

இறங்குகிற இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நிறைவாகாது. தொடர்ந்து கொழுந்து பறிக்கிற தோட்டத்தில் செடிகளின் மேல்மட்டம் இடுப்பளவில் சமமாக இருக்கும். தூரத்திலிருந்து மெத்தை மாதிரி தெரியும். இலைக்கு ஒரு சாண் கீழே முறுகிய கிளைகள் இருக்கின்றன. இறக்கை நுனி இலைக்குள் நுழைந்தால் கிளை பிடித்துக்கொள்ளும், மீதி விமானம் அந்த நுனியைச் சுற்றிச் சுழன்று அடிவாங்கும். கவாத்து வெட்டிய தோட்டம் இன்னும் மோசம். விரல் தடிமனில் சீவிய குச்சிகள் மேல்நோக்கி நிற்கும். அப்படிப்பட்ட சரிவுக்கு மேலே பறக்கவே கூடாது என்பது என் கருத்து. நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், ஓரத்தில் கற்பூர மரமும் சீகையும் நிற்கும். தோட்டம் இல்லாத இடமென்றால் உண்ணிச்செடிப் புதர். வழவழப்பான புல்தரையில் வயிற்றை உரசிக்கொண்டு இறங்குகிற சுகம் இங்கே பள்ளி மைதானத்தை விட்டால் எங்கேயும் சுலபமாகக் கிடைக்காது.

அப்புறம் காற்று. மலையின் முகத்தில் அடிக்கிற காற்று மேலே ஏறும். கிளைடர் தன் எடையால் இறங்குகிற வேகத்தைவிடக் காற்று ஏறுகிற வேகம் அதிகமாக இருக்கும் வரை அது கீழே வராது. முகட்டைத் தாண்டிய பின்பக்கத்தில் அதே காற்று சுழன்று கீழே பாய்கிறது. அங்கே சிக்கினால் எந்தப் பரப்பாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆக, சரிவில் பறப்பவருக்குக் கிடைக்கிற நல்ல காற்று மலைக்கு முன்னால் ஒரு பட்டை, அவ்வளவுதான். அந்தப் பட்டைக்குள் இடவலமாகப் போய்வர வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் மலையை விட்டு விலகி, பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். திருப்பம் எவ்வளவு சுருக்காக நடக்கிறது என்பது இங்கே உயிர்நாடி.

ரட்டர்-எலிவேட்டர்: நல்ல ஆசான், அவசரத்துக்கு ஆகாது

இந்த வகையில் இறக்கை இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். நுனிகளை இன்னொரு முறை மேலே மடக்குகிறவர்களும் உண்டு. ஏலரான் கிடையாது. அப்படியானால் எப்படிச் சாய்ந்து திரும்புகிறது? ரட்டரை வலது பக்கம் மடக்கினால் மூக்கு வலது பக்கம் திரும்பும். விமானமோ இன்னும் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். காற்று கொஞ்சம் பக்கவாட்டில், இடது பக்கமிருந்து அடிக்கும். மேல்நோக்கிச் சாய்ந்த இடது இறக்கை அந்தக் காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கும், வலது இறக்கை குறைந்த கோணத்தில். இடது பக்கம் தூக்கும், வலது பக்கம் தாழும், விமானம் சாய்ந்து திரும்பும்.

அழகான ஏற்பாடு. பரப்பை அசைக்கிற சின்ன மோட்டாரான சர்வோ இரண்டே போதும், இறக்கைக்குள் கம்பியே இல்லை. ஸ்டிக்கை விட்டுவிட்டால் அதுவே நிமிர்ந்துகொள்ளும். மூக்கு திரும்புவது ஒன்று, இறக்கை சாய்வது வேறொன்று என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல விமானம் இல்லை. இறக்கை எடை குறைவு, மெதுவாகப் பறக்கும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பனி விலகி வெயில் ஏறி, சரிவில் காற்று மெல்லக் கிளம்புகிற நேரத்தில் மற்ற மூன்றும் கீழே வந்துவிடும். இது மட்டும் மிதந்துகொண்டிருக்கும்.

குறையும் அதே ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. ரட்டர் திரும்பி, மூக்கு திரும்பி, பக்கவாட்டுக் காற்று பிறந்து, அப்புறம்தான் இறக்கை சாய்கிறது. இந்தச் சங்கிலிக்கு ஒரு நொடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். பின்னாலிருந்து நொடிக்கு 6 மீட்டர் காற்று தள்ளுகிறது. நீங்கள் ஸ்டிக்கை அசைத்த பிறகு அது திரும்ப ஆரம்பிப்பதற்குள் தரையைப் பொறுத்து 16 மீட்டர் ஓடிவிடும். மைதானத்தில் 16 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. சில்வர் ஓக் மரத்திலிருந்து 15 மீட்டர் தள்ளிப் பறக்கிறவருக்கு அது மரத்தில் போய் மாட்டுகிற தூரம்.

இன்னொன்றும் உண்டு. பக்கவாட்டுக் காற்றைச் சாய்வாக மாற்றுகிற அந்தக் குணம், ரட்டரிலிருந்து வந்த காற்றா மலை இடுக்கிலிருந்து வந்த வீச்சா என்று பார்க்காது. பள்ளத்திலிருந்து குறுக்காக ஒரு வீச்சு வந்தால் நீங்கள் கேட்காமலேயே விமானம் சாயும். அதைத் திருத்த ரட்டரைக் கொடுத்தால் அது ஒரு நொடி கழித்து வேலை செய்யும். அதற்குள் அடுத்த வீச்சு வந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவுகளில் இந்த வகையை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஏலரான்-எலிவேட்டர்: கையின் பேச்சை உடனே கேட்கும்

இங்கே இடைத்தரகர் இல்லை. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே, இடது ஏலரான் கீழே. அடுத்த கணமே விமானம் வலது பக்கம் சாயும். எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்தால் திருப்பம் முடிந்தது. குறுக்கு வீச்சு வந்தாலும் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் இதற்கும் ஒரு சிக்கல் கூடவே பிறந்தது. கீழே மடங்கிய ஏலரான் அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் தூக்குவிசை தருகிறது. தூக்குவிசை கூடும்போது இழுவையும் கூடுகிறது. ஆகவே மேலே எழும்புகிற இறக்கை பின்னால் இழுக்கப்படுகிறது. வலது பக்கம் சாய்கிற விமானத்தின் மூக்கு இடது பக்கம் திரும்பப் பார்க்கிறது. ரைட் சகோதரர்கள் 1902-ல் அமெரிக்காவின் கிட்டி ஹாக்கில் இதோடுதான் மல்லுக்கட்டினார்கள். அவர்களிடம் கீல் போட்ட ஏலரான் இல்லை, இறக்கையையே முறுக்கினார்கள். கிளைடரின் பின்னால் அசையாத செங்குத்துத் தகடுகள் வைத்திருந்தார்கள். சாய்வு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய்த் தரையில் தள்ளியது. அந்தத் தகட்டை அசையும் ரட்டராக மாற்றிய பிறகுதான் மூன்று அச்சிலும் விமானம் மனிதன் கைக்குள் வந்தது. அடுத்த ஆண்டு எஞ்சினோடு பறந்ததற்கு அந்தத் திருத்தம்தான் வழிவிட்டது என்பேன்.

இந்த எதிர்த்திருப்பத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் மூக்கின் மேல் ஒரு விரல் நீளக் கம்பளி நூலை ஒட்டி, சின்ன கேமரா ஒன்றைப் பின்னால் பொருத்திப் படமெடுங்கள். நேராகப் பறக்கும்போது நூல் நடுக்கோட்டில் படிந்திருக்கும். ஏலரானை மட்டும் கொடுத்ததும் நூல் ஒரு பக்கம் ஓடும். பெரிய கிளைடர்களில் விமானியின் கண்ணெதிரே ஒட்டியிருப்பதும் இதே நூல்தான். மாடலில் இதற்கான மருந்து எளிது. மேலே போகிற ஏலரான் அதிகமாகவும் கீழே போகிறது குறைவாகவும் அசையும்படி டிரான்ஸ்மிட்டரில் வைத்துவிட வேண்டும். மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு என்று ஆரம்பிக்கலாம்.

ஒவ்வொரு ஏலரானுக்கும் தனித்தனி சர்வோ இருந்தால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றாக மேலே தூக்கினால் தூக்குவிசை குறையும், இழுவை கூடும், விமானம் சறுக்கிக்கொண்டே போகாமல் இறங்கும். சரிவில் ஏறுகாற்று விமானத்தை இறங்கவிடாது. குட்டையான இடத்தில் இறக்க வேண்டியவருக்கு இது பெரிய உதவி.

எல்லாம் சரி, இறங்குவது எங்கே? தேயிலை மேல். தாழ்ந்த கிடைவால் முதலில் கிளையில் மாட்டும், வால் குழாய் ஒடியும். இறக்கை நுனி மாட்டினால் ஏலரான் பின்னோக்கி மடங்கும், அந்த உதை நேராக சர்வோவின் பல்சக்கரத்துக்குப் போகும். பிளாஸ்டிக் பல் உடைந்தால் அன்றைய பறத்தல் முடிந்தது. பால்சா என்ற லேசான மரத்தில் கட்டியிருந்தால் ஈரமும் சேர்ந்து வாட்டும். மூடுபனிக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்த மெல்லிய பால்சா ஏலரான் லேசாக முறுக்கிக்கொள்ளும், போர்த்திய படலம் தளரும். நேற்று நேராகப் பறந்தது இன்று ஒரு பக்கம் இழுக்கும். பறக்கும் அழகில் நான்கில் இதுதான் முதல். நல்ல புல்வெளி கைவசம் உள்ளவர் தாராளமாக இதையே கட்டலாம்.

வி வால்

வி வடிவ வாலில் இரண்டே தகடுகள். இரண்டும் ஒன்றாக மேலே போனால் எலிவேட்டர், எதிரெதிராகப் போனால் ரட்டர். 1947-ல் சந்தைக்கு வந்த பீச்கிராஃப்ட் பொனான்சா விமானம் இந்த வாலால்தான் பெயர் பெற்றது. மலைக்காரருக்கு இதில் உள்ள கவர்ச்சி, தகடுகள் மேல்நோக்கி நிற்பதால் புதரில் மாட்டுவது குறைவு. அது உண்மை. ஆனால் ரட்டர் கொடுக்கும்போது இந்த வால் விமானத்தைத் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்க்கவும் செய்யும். இரண்டு தகடும் ஒரே அளவு அசையவில்லையென்றால் எலிவேட்டரைத் தொட்டாலே மூக்கு பக்கவாட்டில் போகும். இதைச் சரிபார்த்துத் திருத்தத் தெரிந்தவருக்கு நல்ல வால். முதல் விமானத்தில் வேண்டாம்.

எலிவான்: வால் இல்லை, ஒடிய ஒன்றும் இல்லை

பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. அதன் பின்விளிம்பு நெடுக இரண்டு பட்டைகள். இரண்டும் ஒன்றாக மேலே போனால் மூக்கு நிமிரும், எதிரெதிராகப் போனால் விமானம் சாயும். எலிவேட்டர் வேலையும் ஏலரான் வேலையும் ஒரே பட்டைக்கு. கலக்கிக் கொடுக்கிற கணக்கை டிரான்ஸ்மிட்டர் பார்த்துக்கொள்ளும். இப்போது கிடைக்கிற பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 2020 மே மாதம் சூலூர் விமானப்படைத் தளத்தில் 18-ஆவது ஸ்குவாட்ரன் தேஜஸ் போர் விமானத்தோடு செயல்படத் தொடங்கியது. தேஜஸுக்குக் கிடைவால் கிடையாது. முக்கோண இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற எலிவான்கள்தான் ஏற்றவும் சாய்க்கவும் செய்கின்றன, கூட ஒரு ரட்டர். ஆனால் தேஜஸை வேண்டுமென்றே நிலையில்லாத விமானமாக வடிவமைத்திருக்கிறார்கள். அதை நிலையாக வைத்திருப்பது விமானியின் கைக்கும் பரப்புக்கும் நடுவில் இருக்கிற நான்கு மடங்குக் காப்புள்ள டிஜிட்டல் கட்டுப்பாட்டு அமைப்பு. நம் நுரை இறக்கையில் அப்படி எதுவும் கிடையாது. அதன் நிலைத்தன்மை முழுவதும் எடைமையம் எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

இந்த வகையின் ஒரே கண்டிப்பு அதுதான். கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துக் கதவைத் தள்ளிப்பாருங்கள், எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது? நீண்ட வாலின் கடைசியில் இருக்கிற எலிவேட்டருக்கு நெம்புநீளம் நிறைய, எலிவானுக்குக் குறைவு. எடைமையம் பின்னால் போய்விட்டால் அதைத் திருத்துகிற பலம் எலிவானுக்குக் கிடையாது. வாலுள்ள கிளைடர் ஒரு விரல் அகலத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். எலிவான் இறக்கை 5 மில்லிமீட்டர் தப்பையே காட்டிக்கொடுத்துவிடும். கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக் குட்டிக்கரணம் போட்டு விழுவதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொரு விலை, தூக்குவிசை. வால் இல்லாததால் மூக்கு கவிழாமல் பார்த்துக்கொள்ள இறக்கையின் பின்விளிம்பையே கொஞ்சம் மேலே நிமிர்த்தி வைக்க வேண்டும். அது தூக்குவிசையைக் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே மெல்லிய காற்றில் இது நிற்காது. காலை இளங்காற்றில் ரட்டர்-எலிவேட்டர் மேலே மிதக்கும்போது எலிவான் இறக்கை உங்கள் காலடியில் கிடக்கும். இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இரண்டு பட்டையையும் கீழே இறக்கலாமா என்றால் முடியாது, மூக்கு கவிழ்ந்துவிடும்.

இத்தனை குறை இருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம் ஈபிபி நுரை. தெர்மோகோல் போல இது உடைந்து உதிராது. நசுங்கினால் மறுபடி எழும்பும். அந்த நுரையில் வெட்டிய இறக்கைக்கு மேலும் கீழும் கார்பன் ராடு பதித்து, பேக்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டால் ஒரு கட்டிப்பட்ட துண்டு. ஒடிய வால் குழாய் இல்லை, கிளையில் மாட்டக் கிடைவால் இல்லை. இரண்டே சர்வோ, அவையும் நடுப்பகுதிக்கு அருகில் நுரைக்குள் புதைந்து இருக்கும். தேயிலை மேல் வயிற்றோடு விழுந்தால் இலைமேல் சறுக்கி நிற்கும். நுனியில் அடிபட்டால் துள்ளும். எடுத்துத் துடைத்து, எலிவான்களை ஒருமுறை அசைத்துப் பார்த்து, மறுபடி வீசலாம். ஈரமும் அதைப் பாதிக்காது. முன்னால் சொன்ன கால் பங்கு கூடுதல் மோதலைத் தாங்குகிற உடம்பு இந்த நான்கில் இதற்குத்தான் இருக்கிறது. பழகுகிற பிள்ளைக்கு வேண்டியது நிறைய நேரம் பறப்பது. உடைந்ததை ஒட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

சாய்வதிலும் இது ஏலரான் விமானத்துக்குச் சமம். உடனே கேட்கும். குட்டையான, அகலமான இறக்கை என்பதால் எதிர்த்திருப்பம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. நுனிகளில் நிற்கிற சின்னச் செங்குத்துத் தகடுகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. வால் இல்லாததால் தூரத்தில் முன்னால் எது, பின்னால் எது என்று கண் ஏமாறும். மஞ்சு இறங்குகிற நேரத்தில் வெள்ளை நுரை அப்படியே கரைந்துவிடும். மேல்பக்கம் ஆரஞ்சு டேப்பும் கீழ்ப்பக்கம் கறுப்பு டேப்பும் ஒட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நிறம் வேண்டாம். எதிர்ச்சரிவு மங்க ஆரம்பித்தாலே இறக்கிவிட வேண்டும்.

கைரோ வைத்தால்?

விமானம் சாய்வதை உணர்ந்து தானாக நிமிர்த்துகிற கைரோ உள்ள ரிசீவர்கள் (விமானத்துக்குள் இருந்து ரேடியோ கட்டளையை வாங்குகிற பெட்டிகள்) இப்போது கிடைக்கின்றன. வீச்சில் விமானம் சாய்ந்ததும் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது பரப்பை அசைத்துத் திருத்திவிடும். கையில் விமானத்தைப் பிடித்துச் சாய்த்துப்பார்த்தாலே எலிவான் எதிர்ப்பக்கம் அசைவது தெரியும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி அது. ஆனால் அதை நம்பி எடைமையத்தில் அலட்சியம் காட்டுவது ஆபத்து, வேகம் இல்லாத இறக்கையைக் கைரோவால் காப்பாற்ற முடியாது. முதலில் அதை அணைத்து வைத்துப் பழகுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

யாருக்கு எது

சரிவும் தேயிலையும் மட்டுமே இருக்கிற கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எலிவான். மைதானம் உள்ள பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பாடமாகக் காட்ட வேண்டுமென்றால் ரட்டர்-எலிவேட்டர், காற்றடங்கிய காலைகளில் மட்டும். எலிவான் பழகி, நல்ல புல் இறங்குமிடம் ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு இரண்டாவது விமானமாக ஏலரான்-எலிவேட்டர்.

எலிவானில் ஏற்றமும் சாய்வும் ஒரே பட்டையில் கலந்துவிடுவதால் பரப்புகளின் வேலை பிள்ளைகளுக்குப் புரியாது என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு ரேடியோ விமானம் தேவையில்லை. ஒரு முழ நீளத் தெர்மோகோல் கிளைடர் செய்து, இறக்கையிலும் வாலிலும் அட்டைத் துண்டுகளை டேப்பால் ஒட்டி, ஒவ்வொன்றாக மடக்கி வகுப்பு வராந்தாவில் வீசிக்காட்டினால் மூன்று அச்சும் புரிந்துவிடும்.

எங்கே பறக்கவிடுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். 2021 ட்ரோன் விதிகளில் மாதிரி விமானங்களும் பேசப்படுகின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நுரை இறக்கை பெரும்பாலும் இரண்டாவதில் வரும். அரசின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் சரிவு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு தொழிற்சாலை, முதுமலை, முக்குருத்திக் காடுகள் பக்கம் போகவே வேண்டாம். தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்கள் கொழுந்து பறிக்கிற சரிவுக்கு மேலே பறக்கவிடாதீர்கள். விழுந்த விமானத்தை எடுக்கச் செடியை மிதித்துக்கொண்டு நேராக இறங்காமல் வரிசை வழியாகச் சுற்றிப் போங்கள். மாலையில் காட்டெருமை தோட்டத்துக்குள் நிற்கும். அது நகரும் வரை விமானம் அங்கேயே கிடக்கட்டும்.

எலிவான் என்று முடிவு செய்தவர்கள் விமானத்தை முதல்முறை கையால் வீசும் முன் பார்க்க வேண்டியவை: எடைமையத்தைத் திட்டத்தாள் சொல்கிற புள்ளியைவிட 3 மில்லிமீட்டர் முன்னாலேயே வையுங்கள், கனமூக்கு இறக்கை மந்தமாகவாவது பறக்கும். எலிவான்கள் நடுநிலையில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே நிற்கட்டும். பின்னால் நின்று பாருங்கள்: ஸ்டிக்கை இழுத்தால் இரண்டும் மேலே போக வேண்டும், வலது பக்கம் தள்ளினால் வலது எலிவான் மேலே போக வேண்டும். ஏற்ற இறக்கத்துக்குச் சாய்வைவிடக் குறைந்த அசைவு போதும், 1.2 மீட்டர் இறக்கையில் 6 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் என்று ஆரம்பிக்கலாம். வீசுவதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் ஸ்டிக்கில் வைத்திருங்கள். அவர் காற்றுக்கு நேராக, அடிவானத்தைவிட ஒரு துளி கீழே பார்த்து, பலமாகத் தள்ளிவிட வேண்டும். கை விட்டதும் இழுக்காதீர்கள். வேகம் பிடித்த பிறகு முதல் திருப்பத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் கொடுங்கள்.